தட்டின் நடுவே ஒரு வட்டத் தாள்

இசைப் பிரியர் ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டிய இசைத்தட்டுகள் எவை என்று கேட்டால், விடையாக ஒரு பட்டியல் உடனே வந்துவிடும். அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2003இல் தலைசிறந்த 500 ஆல்பங்களைத் தொகுத்தபோது முதலிடத்தில் இருந்தது பீட்டில்ஸ் குழுவின் 1967ஆம் ஆண்டுத் தட்டு. அதே இதழ் 2020இல் பட்டியலைத் திருத்தியபோது அந்த இடத்துக்கு மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டுத் தட்டு வந்தது. இடம் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஓடும் எல்.பி. தட்டைக் கலைஞர் ஒருவர் முழுப் படைப்பாக அமைப்பார், கேட்பவர் அதைக் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைப்பார் என்ற எண்ணத்தின் மேல்தான் இரண்டு பட்டியல்களும் நிற்கின்றன. எல்.பி. தட்டு விற்பனைக்கு வந்ததே 1948இல்தான். அதற்கு முன் ஆல்பம் என்பது நிழற்படத் தொகுப்பைப் போன்ற ஒரு கட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் மட்டுமே ஓடும் அரக்குத் தட்டுகளை உறையிட்டு ஒன்றாகச் சேர்த்துவைக்கும் அட்டைப் புத்தகம். ஆனால் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் இசை கேட்ட வழி எல்.பி.யின் வழியன்று. வானொலியும், பின்னர் ரெக்கோடிங் பாரில் ஒவ்வொரு பாட்டாகப் பதிந்து வாங்கிய கசற்றும்தான் அவர்களுடைய வழி. ஆகவே கொழும்புத் தமிழர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டால் அளவுகோலையே முதலில் மாற்ற வேண்டியிருக்கிறது. மிகச் சிறந்தது எது என்று தேடுவதைக் காட்டிலும், நாம் வைத்திருக்காவிட்டால் உலகில் வேறு எவரிடமும் இல்லாமற்போகக்கூடியது எது என்று தேடுவதே நமக்குப் பொருந்தும். அதுவே நம் அலமாரிக்கு இன்றியமையாதது என்பது என் வாதம்.

இந்த வாதத்துக்கான காரணம் கொழும்பு வானொலியின் வரலாற்றில் இருக்கிறது. கொழும்பில் முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் படையினருக்காக இங்கே நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலைப் பரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 செப்டெம்பர் 30இல் வர்த்தக சேவை ஆரம்பமானது. இரண்டே ஆண்டில் இந்தியாவில் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்புத்துறை அமைச்சரானார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஏறக்குறைய நின்றுபோனது. 1957 ஒக்டோபர் 3இல் விவித் பாரதி தொடங்கும்வரை, சென்னையில் பதிவான திரைப்பாட்டைச் சென்னைக்காரர் வானொலியில் கேட்பதென்றால் கொழும்புக்குத்தான் முள்ளைத் திருப்ப வேண்டும். விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலும், பின்னாளில் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களும் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் வீட்டுக் குரல்களாயின. ‘பொங்கும் பூம்புனல்’, ‘இசையும் கதையும்’, ‘பாட்டுக்குப் பாட்டு’ என்ற நிகழ்ச்சிப் பெயர்களைச் சொன்னால் இன்றும் தமிழ்நாட்டில் முதியோர் முகம் மலரும். இதில் நாம் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெருமைக்குள் ஓர் இழப்பும் மறைந்திருக்கிறது. சென்னையின் தட்டுகள் கொழும்புக்கு வந்து குவிந்தன. கொழும்பு அவற்றைச் சுழற்றியது. கொழும்பின் சொந்தத் தமிழ்ப் பாட்டோ பெரும்பாலும் தட்டாகவே அச்சாகவில்லை. பிறருடைய இசைக்குத் தெற்காசியாவின் மிகப் பெரிய ஒலிபெருக்கியாக இருந்த நகரம், தன் இசையைப் பெரும்பாலும் காந்த நாடாவில் மட்டும் எழுதிவைத்தது.

நாடாவுக்கும் தட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தட்டு அச்சிட்ட நூல் போன்றது. ஒரே பதிவின் படிகள் பல கைகளுக்குப் போகும். ஒன்று உடைந்தாலும் இன்னொன்று எங்கோ இருக்கும். அதில் பதிந்ததை அழித்து வேறொன்றை எழுத முடியாது. நிலையத்து நாடா ஓலைச்சுவடி போன்றது. பெரும்பாலும் ஒரே படி. அதையும் அழித்து மீண்டும் பயன்படுத்தலாம். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். எஸ்.கே. பரராஜசிங்கம், குலசீலநாதன், கலாவதி சின்னச்சாமி, முத்தழகு போன்றோர் பாடிய ஈழத்து மெல்லிசைப் பாடல்களுக்கு உயிர் கொடுத்தது வானொலிக் கலையகம்தான். நம் கவிஞர்கள் எழுதி, நம் இசையமைப்பாளர்கள் மெட்டமைத்து, திரைப்படம் ஒன்றின் துணையில்லாமலே வானொலிக்கென்று பிறந்த பாடல்கள் அவை. அந்த இசைப்பெருக்கில் தட்டாகவோ பிற்கால ஒலிப்பேழையாகவோ, இறுவட்டாகவோ வெளியே வந்தது சிறு பகுதிதான். இதோடு 1983 ஜூலையையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்த நாட்களில் எரிந்தவற்றின் கணக்கில் இசைத்தட்டுகளைத் தனியாக எண்ணியவர் எவருமில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் போயின என்று சொல்லத் தெரிகிறது நமக்கு. ஒலிக்கு அப்படியொரு எண்ணிக்கை சொல்ல நம்மிடம் பட்டியலே இருந்ததில்லை.

இனி, பாட்டு அழியாமல் இருந்தும் பாட்டுக்குரியவர் அழிந்துபோகும் கதை. தமிழ் வீடுகளில் மிகப் பரவலாகக் கேட்ட பக்திப் பாடல்களுள் ஒன்று ‘கற்பகவல்லி’. டி.எம். சௌந்தரராஜன் பாடியது; மயிலாப்பூர் கற்பகாம்பாளைப் போற்றி ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்று ராகமாலிகையாக விரிவது. அதை எழுதியவர் யாழ்ப்பாணத்து இணுவிலைச் சேர்ந்த வீரமணி ஐயர், கலாக்ஷேத்திராவில் பயின்றவர். பாட்டை முழுவதும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களிடம் எழுதியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். ‘சுராங்கனி’யின் நிலையும் இதுதான். ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய, சிங்களமும் தமிழும் கலந்த அந்தப் பைலாப் பாட்டு 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் ஒலித்தது. அதன் பிறகு தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு அது திரைப்பாட்டாகவே ஆகிவிட்டது. காற்றில் பரவும் பாட்டு பெயரை உதிர்த்துவிட்டுத்தான் பரவும். அது பாட்டின் இயல்பு. பெயரைப் பிடித்துவைப்பது தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டத் தாள். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், நிறுவனம், பதிவெண் எல்லாம் அந்தச் சிறிய வட்டத்தில் அச்சாகியிருக்கும். வரலாறு எழுதுபவருக்குப் பாட்டின் ஒலியளவுக்கு அந்தத் தாளும் ஆவணமே. தட்டைத் தட்டாகவே வைத்திருக்க வேண்டும், ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டை வீசிவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தமிழருக்கு இந்தச் சிந்தனை புதியதன்று. நம் மிகப் பழைய இலக்கியம் நமக்கு வந்து சேர்ந்ததே தொகை என்ற வடிவில்தான். குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் பாடியவரின் பெயர் கிடைக்காமற்போனபோது, அவருடைய உவமையிலிருந்தே செம்புலப்பெயல்நீரார் என்று அவருக்கு ஒரு பெயர் அமைந்தது. பெயரில்லாத பாட்டைப் பெயரில்லாமல் விடக்கூடாது என்ற கவலையை நான் அதில் காண்கிறேன். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கவலையின் பயன் நம் கையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே கவலையோடு செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்தவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை. 1887இல் கலித்தொகையை அவர் அச்சேற்றியபோது, எல்லாரும் ஏற்கெனவே ஓதிவந்த நூல்களை விட்டு, எவரும் சீண்டாமல் உளுத்துக்கொண்டிருந்த சுவடியைத்தான் கையிலெடுத்தார். அழிவின் விளிம்பில் நின்றது அவருக்கு முதன்மையாகத் தோன்றியது. இசைத்தட்டுச் சேகரிப்பவர் பின்பற்றத் தக்க முன்மாதிரி, இதழ்களின் பட்டியல்களைவிட, இந்தப் பதிப்பாசிரியரிடம் இருக்கிறது.

அப்படியானால் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் வேண்டாமா, இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு ‘ஹவ் டு நேம் இட்?’ வேண்டாமா என்று கேட்கலாம். அந்த இசையையும் கேட்க வேண்டும், கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் அவற்றைக் காப்பதற்குப் பெரிய நிறுவனங்களும் கோடிக்கணக்கான இரசிகர்களும் இருக்கிறார்கள். வெள்ளவத்தை வீடொன்றின் அலமாரியில் அவை இல்லாவிட்டால் அந்த வீட்டுக்குத்தான் குறை, இசைக்குக் குறையில்லை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ அடங்கிய பழைய தட்டு ஒன்று குப்பைக்குப் போனால் கதை வேறு. மனோகரனின் தொடக்ககாலத் தட்டுகள், திருகோணமலை எம்.பி. பரமேஷின் தட்டு, அமுதன் அண்ணாமலை, ஸ்டெனி சிவானந்தன் போன்றோரின் பதிவுகள் யாவும் இந்த வகையில்தான் என் பட்டியலில் முன்னுக்கு வருகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் நான் வைக்க விரும்புவது யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில். 1933இல் பிறந்து 1975இல், நாற்பத்திரண்டு வயதுக்குள் மறைந்த மேதை அவர். தவிலின் தனி ஆவர்த்தனம் மூன்று நிமிடத் தட்டுக்குள் அடங்குகிற பொருளன்று. கோயில் வீதியிலும் கச்சேரி மேடையிலும் யாரோ ஒரு இரசிகர் நாடாவில் பிடித்துவைத்த பதிவுகள் இல்லையென்றால், அந்தக் கைகளைப் பற்றி நமக்குப் பெரியோர் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சியிருக்கும். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்தைப் பார்ப்பவர்கள், தனியார் சேகரிப்பு என்பது எவ்வளவு பெரிய பொதுப்பணி என்பதை உணர்வார்கள்.

இங்கே முதல் மறுப்பு எழும். தட்சிணாமூர்த்தி சரி, அவரோடு மனோகரன், நித்தி போன்றோரின் பொப் பாட்டை ஒரே தட்டில் வைப்பதா? அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் எழுந்த அந்தத் துள்ளிசை, கலிப்சோவையும் பைலாவையும் பார்த்துப் போட்ட மெட்டு. மாமியையும் கள்ளுக்கடையையும் பற்றிய விளையாட்டுப் பாட்டு. இதில் காக்க என்ன இருக்கிறது என்பார்கள். மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. அந்தப் பாடல்களின் சுரக்கட்டு எளியது. சில மெட்டுகள் இரவல். ஆனால் அந்தப் பாட்டுகள் செய்த வேலை ஒன்றைத் திரைப்பாட்டும் செய்யவில்லை, மேடைக் கச்சேரியும் செய்யவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை அதன் கேலியோடும் இழுப்போடும் கிற்றார் ஒலிக்குள் கொண்டுவந்து, இலங்கைத் தமிழர் தம் குரலைத் தாமே ஒலிபெருக்கியில் கேட்கும்படி செய்தன. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த ஆண்டுகளில், உள்ளூர் இதழ்களும் நாடகமும் திரைப்படமும் தழைத்த அதே காற்றில்தான் இந்த இசையும் தழைத்தது. அந்த ஆண்டுகளில் நாம் எப்படிப் பேசினோம், எதற்குச் சிரித்தோம் என்பதற்கு இவற்றைவிட நேரடிச் சான்று அரிது. வெளியிலிருந்து வரும் அளவுகோலைப் பற்றி இந்த மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1952இல் இலங்கை வானொலி தன் கலைஞர்களைத் தரம் பிரிக்க இந்தியாவிலிருந்து இந்துஸ்தானி இசை அறிஞர் எஸ்.என். ரத்தன்ஜங்கரை அழைத்தது. சிங்கள மெல்லிசையின் முன்னோடிகளுள் ஒருவரான சுனில் சாந்த அந்தத் தேர்வுக்குப் போக மறுத்தார். வானொலியில் தம் இடத்தையும் இழந்தார். ரத்தன்ஜங்கரின் புலமையில் ஐயமில்லை. இந்துஸ்தானி இசையின் கோலால் அளக்க முடியாத ஒன்றை அந்தக் கோலாலேயே அளக்க முயன்றதுதான் பிழை. நம் பொப் பாட்டைக் கருநாடக இசையின் கோலால் அளப்பவர்களும் அதே பிழையைச் செய்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு இன்றைய தலைமுறையுடையது. எல்லாம்தான் யூடியூப்பில் இருக்கிறதே, தட்டு எதற்கு? இருக்கிறது, அதற்காக நன்றி சொல்ல வேண்டியவர்களுள் நானும் சேர்வேன். முகம் தெரியாத பலர் தம் வீட்டுக் கசற்றுகளை ஏற்றியிருக்காவிட்டால் இந்தக் கட்டுரையில் பேசும் பாடல்களில் பாதியை இளையோர் கேட்டே இருக்கமாட்டார்கள். ஆயினும் அங்கே கிடைப்பது பெரும்பாலும் படியின் படி, அதன் படி. கசற்றின் இரைச்சலோடு, தொடர்பில்லாத படமொன்றை ஒட்டி, எழுதியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் இல்லாமல் ஏறிய ஒலி அது. ஏற்றியவர் கணக்கை மூடினால், அல்லது உரிமை கோரி எவரேனும் ஒரு முறைப்பாடு செய்தால், ஒரே நாளில் மறைந்துவிடும். தட்டும் இணையமும் ஒன்றுக்கொன்று எதிரியும் அல்ல. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. இன்று ஒலி, ஒளி ஆவணங்களையும் சேர்க்கிறது. அதனால் முடிந்ததற்குக் காரணம் எங்கோ ஒரு வீட்டில் மூலப் படி இருந்தது என்பதுதான். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்ததும் கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த சேகரிப்பிலிருந்துதான். மூலம் இல்லாத இடத்தில் எண்ணிமமாக்க எதுவும் இல்லை.

மூன்றாவது மறுப்பு பழையது. ஆனால் மூன்றிலும் கனமானது. அதைச் சொன்னவர் 1877இல் கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி. 1909இல் கொழும்பில் வெளிவந்த தம் தேசியக் கட்டுரைகளின் தொகுப்பில் கிராமபோனை எதிர்த்தே ஒரு கட்டுரை எழுதினார். பாடகருக்கும் கேட்பவருக்கும் நடுவே இயந்திரம் புகுந்தால் இசை தாழும். வீட்டில் பாடும் வழக்கமும் பாடகரைப் பேணும் வழக்கமும் போய்விடும் என்பது அவர் கவலையின் சாரம். நெசவாளரின் தறியை ஆலை விழுங்கியதுபோல் இசைவாணரையும் இயந்திரம் விழுங்கும் என்று அவர் அஞ்சினார். நூறு ஆண்டு கழித்துப் பார்க்கையில் அந்த அச்சம் வீண் என்று சொல்ல என்னால் முடியவில்லை. திருமண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பதில் பதிவு ஒலிக்கும் காலம் வந்துவிட்டது. ஆனால் குமாரசுவாமி எண்ணிப் பார்த்திராத ஒன்றும் நடந்தது. ஈழத்து இசைவாணரின் தொடர்ச்சியை அறுத்ததில் பெரும்பங்கு போருக்கும் புலப்பெயர்வுக்கும். குரு கொழும்பிலும் சீடர் ரொறன்ரோவிலும், இரசிகர் இலண்டனிலும் என்று சிதறிய பிறகு, எந்த இயந்திரம் அவர்களைப் பிரிக்கும் என்று அவர் அஞ்சினாரோ அதே இயந்திரம்தான் அவர்களுக்கிடையே எஞ்சிய நூலாயிற்று. அவர் கட்டுரையிலிருந்து நாம் ஏற்க வேண்டிய கட்டளை ஒன்று உண்டு. தட்டைச் சேர்ப்பவர் அதைக் கேட்கவும், பிறருக்குக் கேட்கக் கொடுக்கவும் வேண்டும். பூட்டிய அலமாரியில் உறங்கும் அரிய தட்டு, இல்லாத தட்டுக்குச் சமம்.

இவ்வாறு சேர்த்தால் அலமாரி குறுகிய ஊர்ப்பற்றின் அலமாரியாகிவிடும் என்று அஞ்சுவோர் அதற்குள் கையை விட்டுப் பார்க்கட்டும். கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயரோடு பிறந்து, சிங்களத் திரையின் முதல் நட்சத்திரமாகிய ருக்மணி தேவியின் தட்டு அங்கே இருக்கும். சேலத்தில் பிறந்து கொழும்புக்கு வந்து, சிங்கள பௌத்த வீடுகளில் வெசாக் காலமெல்லாம் ஒலிக்கும் பாடல்களைப் பாடிய மொஹிதீன் பேக் இருப்பார். சிங்களத் திரையிசையை வளர்த்த தமிழர்களான ஆர். முத்துசாமியும் எம்.கே. ரொக்சாமியும் இருப்பார்கள். போர்த்துக்கேயர் காலத்து வேரிலிருந்து வந்த பைலா இருக்கும். வரிசையின் மறுமுனையில் யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த பாடகி மாயா அருள்பிரகாசத்தின் 2007ஆம் ஆண்டு ஆல்பமான ‘கலா’ நிற்கும். அதன் முதற்பாட்டில் ‘தளபதி’யின் இளையராஜா ஒலி கேட்கும். முழு ஆல்பமாக எடுத்தாலும் உலகப் பட்டியல்களோடு தோளுரசி நிற்கக்கூடிய ஈழத் தமிழ்க் குரல் அது. இத்தனை மொழியும் மதமும் கரையும் ஒரே தட்டுப் பெட்டிக்குள் கலந்து கிடப்பதை வேறெந்தத் தமிழ் நகரிலும் எளிதில் காண முடியாது.

ஆகவே வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனை மாடிவீடுகளிலும், கடல் கடந்த வீடுகளின் நிலவறைகளிலும் பழைய தட்டோ கசற்றோ வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். வீடு மாறும்போது, முதியோர் மறையும்போது, பழைய சாமான் வாங்க வருபவரிடம் அந்தப் பெட்டியை நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். கடற்காற்றின் ஈரம் நாடாவுக்கும் உறைக்கும் பகை. உலர்ந்த இடமாகப் பாருங்கள். கனமான பழைய 78 சுழற்சித் தட்டை ஸ்பிரிட் கலந்த எதைக் கொண்டும் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரையும். ஒலியை எண்ணிமமாக்குவது பிறகு நடக்கட்டும். இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: தட்டின் நடுவே உள்ள அந்த வட்டத் தாளைக் கைபேசியில் படமெடுத்து, அதிலிருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.